வெடிக்கும் விண்மீன்களைத் தொடர்ந்தவர்

இலங்கையின் வன்னியில், தண்ணீரூற்றிலிருந்து முல்லைத்தீவுக்குப் போய், கரையோரமாகத் தெற்கே நாயாறும் கொக்கிளாயும் கடந்தால் புல்மோட்டை வரும். அந்தக் கரை இடைக்கிடை கறுத்துக் கிடக்கும். அந்தக் கறுப்பு இல்மனைற் என்னும் கனிமம். இரும்பு, தைட்டேனியம், ஒட்சிசன் ஆகிய மூன்று மூலகங்கள் சேர்ந்து உருவானது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தீவின் உள்நாட்டுப் பழம்பாறைகளை மழையும் ஆறும் தேய்த்துக் கடலுக்குக் கொண்டுவந்தன, அலை பாரமான மணிகளைப் பிரித்துக் கரையில் சேர்த்தது என்று புவியியல் ஆசிரியர் சொல்வார். அது சரியான விடை. ஆனால் அந்தப் பாறைக்குள் இரும்பு எப்படி வந்தது? அதற்கு விடை சொல்ல வேண்டியவர் வானியலாளர்.

அண்டம் தோன்றிய முதல் நிமிடங்களில் உருவானவை ஐதரசனும் ஈலியமும் மிகச் சொற்பமான இலிதியமும் மட்டுமே. இரும்பும் ஒட்சிசனும் தைட்டேனியமும் அப்போது இல்லை. அவை பின்னாளில் விண்மீன்களுக்குள்ளும் அவற்றின் வெடிப்புகளிலும் உருவாயின. சுப்பர்நோவா எனப்படும் அந்த வெடிப்புகள் இரண்டு பெரும் வகை. சூரியனைப் போல் எட்டு மடங்குக்கு மேல் திணிவுள்ள விண்மீன் எரிபொருள் தீர்ந்து உட்குழிந்து வெடிப்பது ஒரு வகை. இல்மனைற்றில் உள்ள ஒட்சிசனின் பெரும்பங்கு அப்படிப்பட்ட விண்மீன்கள் தந்தது. வெண்குள்ளன் எனப்படும் சிறிய, செத்துப்போன விண்மீன் அணுக்கரு எரிதலால் முழுவதுமாகச் சிதறுவது மற்றது. இன்று நம்மிடம் உள்ள இரும்பில் பெரும்பகுதிக்கு இந்த இரண்டாம் வகையே காரணம். தைட்டேனியத்தில் இரண்டுக்கும் பங்குண்டு. ஆக, கொக்கிளாய்க் கரையில் ஒரு கறுப்பு மணியை எடுத்தால், அதற்குள் இருவேறு விண்மீன் மரணங்களின் எச்சம் இருக்கிறது.

இதை நாம் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவது, எப்போது எங்கே வெடிக்கும் என்று தெரியாத ஒன்றுக்காகப் பலர் ஆயுள் முழுக்க ஆயத்தமாக இருந்ததால். அவர்களுள் ஒருவரின் ஆய்வுப் பாதையை இங்கே தொடர்ந்து பார்க்கலாம். பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜி. சி. அனுபமா, இந்திய வானியல் சங்கத்தின் தலைவராகத் தெரிவான முதல் பெண். நோவாக்களில் தொடங்கிச் சுப்பர்நோவாக்களுக்கு வந்தவர்.

ஜவ்வாது மலையில் ஒரு தொடக்கம்

தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் காவலூர் என்ற ஊரில் அந்த நிறுவனத்தின் வான்காணகம் இருக்கிறது. இந்திய வானியலுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான வைணு பாப்புவின் பெயரை அது தாங்கியிருக்கிறது. 1985 ஜனவரியில் சர்ப்பதாரி விண்மீன் குழுவில் ஆர்எஸ் ஒபியூக்கி என்ற விண்மீன் திடீரெனப் பிரகாசமாகியது. சாதாரண நாட்களில் தொலைகாட்டி இல்லாமல் பார்க்க முடியாத அது, சில நாட்களுக்கு வெறுங்கண்ணின் எல்லைக்குள் வந்தது. ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காவலூரில் அப்போது எடுக்கப்பட்ட நிறமாலைகளை ஆராய்ந்து, அனுபமாவும் டி. பி. பிரபுவும் 1989 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

ஆர்எஸ் ஒபியூக்கி உண்மையில் இரட்டை விண்மீன். ஒன்று செவ்வரக்கன் எனப்படும் பெருத்த சிவப்பு விண்மீன், மற்றது வெண்குள்ளன். வெண்குள்ளனின் திணிவு சூரியனுடையதைவிடச் சற்று அதிகம், பருமனோ பூமியளவுக்கு மேல் இல்லை. செவ்வரக்கனிலிருந்து கழன்று வரும் வாயு வெண்குள்ளனின் மேற்பரப்பில் படிகிறது. படிந்த ஐதரசன் போதிய அளவு சேர்ந்து, அமுக்கமும் வெப்பமும் ஏறியதும் ஒரேயடியாக அணுக்கரு இணைவு தொடங்கி, மேற்படை வீசி எறியப்படுகிறது. இதுதான் நோவா. வற்றாப்பளைக் கோயிலில் பொங்கல் பானை பொங்கி வழிந்தாலும் பானைக்கு ஒன்றும் ஆவதில்லை. நோவாவிலும் வெண்குள்ளன் அப்படியே எஞ்சுகிறது. மறுபடி வாயு சேர்கிறது, மறுபடி பொங்குகிறது. 1967, 1985, 2006, 2021 என்று ஆர்எஸ் ஒபியூக்கி திரும்பத் திரும்ப வெடித்தது.

இதில் அனுபமாவின் பிற்கால ஆய்வு முழுவதையும் இழுத்துச் செல்லும் கேள்வி ஒன்று இருந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் வீசி எறியப்படுவதைவிட அதிகமான பொருள் வெண்குள்ளனில் தங்குகிறதா? தங்கினால், அது மெல்ல மெல்லப் பாரமாகிறது. பாரமாகிக்கொண்டே போனால் என்ன நடக்கும்?

எல்லை வகுத்த இளைஞர்

இதற்கான விடையின் முதற்பகுதியை, 1930 இல் பம்பாயிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய ஒரு தமிழ் இளைஞர் கணித்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, மேற்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் போய்க்கொண்டிருந்த சுப்ரமணியன் சந்திரசேகருக்கு அப்போது வயது 19. வெண்குள்ளனைத் தாங்கி நிற்பது வெப்பம் தரும் அமுக்கம் இல்லை, இலத்திரன்களை ஓர் அளவுக்கு மேல் நெருக்க முடியாது என்ற குவாண்டம் விதி தரும் அமுக்கம் என்று அந்நாளில் கண்டறிந்திருந்தார்கள். விண்மீன் பாரமாக ஆக, இந்த இலத்திரன்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும் என்பதைச் சந்திரசேகர் கவனித்தார். சார்பியலைச் சேர்த்துக் கணித்தபோது, தாங்கும் அமுக்கம் ஈர்ப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகும் ஒரு திணிவு வந்தது. பின்னாளில் செம்மைப்பட்ட பெறுமானம் சூரியனின் திணிவைப் போல் சுமார் 1.44 மடங்கு. அதற்கு மேல் எந்த வெண்குள்ளனும் நிலைத்திருக்க முடியாது.

1935 ஜனவரி 11 அன்று லண்டன் அரச வானியல் கழகத்தில் அவர் இதை விளக்கியதும், அக்காலத்தின் மிகப் பெரிய வானியலாளரான ஆர்தர் எடிங்டன் எழுந்து அது அபத்தமான முடிவு என்று மறுத்தார். சந்திரசேகர் கணிப்பில் தளரவில்லை. அமெரிக்கா போய் வேறு துறைகளில் வேலை செய்து, ஒவ்வொன்றையும் ஒரு நூலாக எழுதி முடித்தார். 1983 இல் நோபல் பரிசு அவருக்கும் வில்லியம் பவுலருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. விண்மீன்களுக்குள் மூலகங்கள் உருவாகும் விதத்தை ஆராய்ந்தவர் பவுலர். கொக்கிளாய் மணலின் வரலாற்றை இரு புறமிருந்தும் எழுதியவர்கள் அந்த ஆண்டு ஒரே மேடையில் நின்றார்கள்.

காபனும் ஒட்சிசனும் நிறைந்த வெண்குள்ளன் அந்த எல்லையை நெருங்கும்போது, நடுவில் காபன் எரியத் தொடங்குகிறது. சாதாரண வாயு சூடானால் விரிந்து ஆறும். வெண்குள்ளனின் பொருள் அப்படி விரிவதில்லை. வெப்பம் எரிதலை விரைவாக்க, எரிதல் வெப்பத்தைக் கூட்ட, சில விநாடிகளில் விண்மீன் முழுதும் எரிந்து சிதறுகிறது. இதை 'ஐஏ' வகைச் சுப்பர்நோவா என்கிறார்கள். சூரியத் திணிவில் சுமார் 0.6 பங்கு நிக்கல்-56 அதில் உருவாகிறது. அது 6 நாள் அரைவாழ்வுக் காலத்தில் கோபால்ட்-56 ஆகிறது; கோபால்ட் 77 நாள் அரைவாழ்வுக் காலத்தில் இரும்பு-56 ஆகிறது. வெடித்த பின் மாதக்கணக்கில் அது ஒளிர்வது இந்தக் கதிரியக்கச் சிதைவின் ஆற்றலால். உச்சப் பிரகாசத்தை அளந்தால் எவ்வளவு நிக்கல் உருவானது என்று கணிக்கலாம்; அதிலிருந்து எவ்வளவு இரும்பு விண்வெளிக்குச் சேர்ந்தது என்று சொல்லலாம். நமது இரும்பின் கணக்கு இப்படித்தான் எழுதப்பட்டது.

ஹான்லேயின் குளிரில்

சுப்பர்நோவாவை ஆராய்கிறவருக்கு முதல் தேவை நேரம். அது தோன்றிய முதல் நாட்களில் எடுத்த நிறமாலை பின்னர் எந்த விலை கொடுத்தாலும் கிடைக்காது. இரண்டாவது தேவை, மாதக்கணக்கில் அதைத் தொடரத் தடையற்ற வானம். காவலூரில் பருவமழை மாதங்களில் முகில் மறைத்துவிடும். அதனால் இந்திய வானியலாளர்கள் இமயத்துக்கு அப்பால் மழைநிழல் நிலத்தைத் தேடிப் போனார்கள். லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், 4500 மீற்றர் உயரத்தில், 2 மீற்றர் விட்டமுள்ள தொலைகாட்டி நிறுவப்பட்டு 2000 செப்டெம்பரில் முதன்முதலாக வானைப் பார்த்தது. அங்கு காற்று மெலிந்தது. மாரி இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குப் பல பாகை கீழே போகும். ஆகவே அதை இயக்குவது பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயில் உள்ள நிலையத்திலிருந்து, செய்மதித் தொடர்பு வழியாக. அதை அமைக்கும் பணியில் முன்னின்றவர்களுள் அனுபமாவும் ஒருவர். அதற்கு இட்ட பெயர் இமாலய சந்திரா தொலைகாட்டி. சந்திரா என்பது சந்திரசேகரைக் குறிக்கிறது.

ஆய்வாளர் ஒருவர் தம் நல்ல ஆண்டுகளைக் கருவி அமைப்பதில் செலவிடுவது சிறிய முடிவில்லை. அந்த ஆண்டுகளில் கட்டுரைகள் குறையும். பலன் பிறருக்கும் போகும். ஆனால் சுப்பர்நோவா ஆய்வில் இதைத் தவிர வேறு வழி கிடையாது. வெடிப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது, ஆயத்தத்தை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம்.

பலன் விரைவில் வந்தது. 2003 ஏப்ரலில் கண்டுபிடிக்கப்பட்ட எஸ்என் 2003டியூ என்ற ஐஏ வகை வெடிப்பை ஹான்லேயிலிருந்து தொடர்ந்து, அனுபமாவும் டி. கே. சாகுவும் மற்றொரு சகாவும் 2005 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 2004 செப்டெம்பரில் என்ஜிசி 6946 என்ற விண்மீன் மண்டலத்தில் எஸ்என் 2004ஈடி தோன்றியது. ஒரு நூற்றாண்டுக்குள் பத்துச் சுப்பர்நோவாக்கள் தோன்றிய மண்டலம் அது. இந்த வெடிப்பின் நிறமாலையில் ஐதரசன் தெளிவாக இருந்தது; ஆகவே அது பெரிய விண்மீனின் உட்குழிவு. அதன் பிரகாசம் மூன்று மாதமளவு பெரிதாகக் குறையாமல் நின்று பின் சரிந்தது. விண்மீனின் அகன்ற ஐதரசன் உறை மெல்ல ஆறுவதால் அப்படி. பின்வந்த சரிவிலிருந்து கணித்தபோது, அதில் உருவான நிக்கல் சூரியத் திணிவில் சுமார் 0.06 பங்கு. ஐஏ வகையில் உருவாவதில் பத்தில் ஒன்று மட்டுமே. இரும்பின் பெரும்பகுதி வெண்குள்ளன்களிலிருந்து வந்தது என்று சொல்வதற்கு இப்படி ஒன்றொன்றாக எடுத்த அளவுகளே சான்று.

எல்லையைச் சோதித்த வெடிப்பு

2012 இல் தோன்றிய எஸ்என் 2012டிஎன் என்ற வெடிப்பு இந்தக் கதையின் மிகச் சுவையான இடம். ஐஏ வகையிலேயே வழக்கத்தைவிட மெதுவாக மங்கி, வெடிப்புக்குப் பிந்திய முதல் நாட்களில் எரியாத காபனை நிறமாலையில் காட்டும் ஒரு சிறு கூட்டம் உண்டு. அவற்றில் சிலவற்றின் பிரகாசத்துக்கு ஈடான நிக்கலும், அதைச் சூழ்ந்து சிதறிய பொருளும் 1.44 சூரியத் திணிவுக்குள் அடங்குவதில்லை. எஸ்என் 2012டிஎன்னை ஹான்லேயிலிருந்து தொடர்ந்த அனுபமாவும் சாகுவும் அவர்களது மாணவர்களும், அது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த எஸ்என் 2006ஜிஇசட்டை அப்படியே ஒத்திருப்பதாக 2014 இல் காட்டினார்கள்.

சந்திரசேகர் பெயர் தாங்கிய தொலைகாட்டியே, அவர் எல்லையை மீறுவதாகத் தோன்றும் வெடிப்பை அளந்தது. இதை முரண்பாடாக நான் பார்க்கவில்லை. அவர் கணித்தது சுழலாத வெண்குள்ளனுக்கு. மிக வேகமாகச் சுழலும் வெண்குள்ளன் அதற்கு மேலும் தாங்கலாம். அல்லது இரண்டு வெண்குள்ளன்கள் ஒன்றையொன்று சுற்றி நெருங்கி மோதி ஒன்றாகலாம். செவ்வரக்கனிடமிருந்து வாயு வாங்கிப் பருக்கும் ஆர்எஸ் ஒபியூக்கி போன்றவை ஒரு வழி என்றால், மோதல் இன்னொரு வழி. எந்த வழி எவ்வளவு நடக்கிறது என்பது இன்னும் தீராத விவாதம். அதில் பெரிய விடயம் ஒன்று தங்கியிருக்கிறது: ஐஏ வகைகளின் உச்சப் பிரகாசத்தை அளவுகோலாக வைத்தே, அண்டம் விரிவது விரைவாகிறது என்று 1998 இல் அறிவித்தார்கள். அதற்கு 2011 இல் நோபல் பரிசு கிடைத்தது. அளவுகோல் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியது அதனால் மேலும் அவசியம்.

அனுபமா தம் முதல் விண்மீனையும் மறக்கவில்லை. 2006 பெப்ரவரியில் ஆர்எஸ் ஒபியூக்கி மறுபடி வெடித்தபோது, புனேக்கு அருகே 30 கிண்ணங்கள் கொண்ட இராட்சத ரேடியோத் தொலைகாட்டியில் அதை அவதானித்த குழுவில் அவரும் பிரபுவும் இருந்தார்கள். அதுவரை 1.4 கிகாஹேட்சுக்குக் கீழே எவரும் கண்டிராத ரேடியோ அலைகளை அவர்கள் பதிவுசெய்தார்கள். 1985 வெடிப்பின் பதிவுகளை முன்னரே ஆராய்ந்திருந்தவர்களுக்கு, இம்முறை எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

தெற்கே ஒரு வானம்

1987 பெப்ரவரியில், பால்வீதிக்கு அருகேயுள்ள பெரிய மகலன் முகிலில் ஒரு விண்மீன் வெடித்தது. சுமார் 168,000 ஒளியாண்டு தொலைவு. 1604 இற்குப் பின் வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த சுப்பர்நோவா அது ஒன்றே. ஒளி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே ஜப்பான், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய நாடுகளின் நிலக்கீழ்க் கருவிகளில் சுமார் இரண்டு டசின் நியூத்திரினோக்கள் பதிவாயின. பெரிய விண்மீனின் இரும்புக் கரு ஒரு விநாடிக்குள் உட்குழிந்து நியூத்திரன் விண்மீனாகிறது, வெளியாகும் ஆற்றலில் 99 வீதம் நியூத்திரினோக்களாகவே போகிறது என்ற கோட்பாட்டுக்கு அதுவே நேரடிச் சான்று. மிஞ்சிய அந்த நியூத்திரன் விண்மீனின் தடயத்தை ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி 2024 இல் காட்டியது.

ஹான்லேயின் அடிவானத்துக்கு மேல் மகலன் முகில் ஒருபோதும் வராது. வன்னியில் வரும். நாம் இருப்பது மத்திய கோட்டுக்கு 9 பாகை வடக்கே. மாரியிலும் மாசி பங்குனியிலும் அது தெற்கு அடிவானத்துக்கு மேல் 12 பாகைக்கும் குறைவான உயரத்தில் எழுந்து போகும். பெரிய பட்டணங்களின் வெளிச்சம் இல்லாத இந்த நிலத்தில் வடவானும் தென்வானும் ஏறக்குறைய முழுமையாக ஒரே முற்றத்திலிருந்து தெரிகின்றன. வானியலில் இது ஒரு வளம். வடக்கே பனிமலையில் உள்ளவர்களுக்கும் தெற்கே ஆஸ்திரேலியாவில் உள்ளவர்களுக்கும் இல்லாத வளம்.

கிழக்கு மேற்காகப் பார்த்தாலும் நம் பக்கத்துக்கு மதிப்பு உண்டு. கனரித் தீவுகளின் தொலைகாட்டிகளுக்கும் கிழக்கு ஆஸ்திரேலியாவின் தொலைகாட்டிகளுக்கும் நடுவே நீண்ட இடைவெளி. மணிக்கணக்கில் மாறும் வெடிப்பை இடைவிடாமல் பிடித்துத் தொடர அந்த இடைவெளியில் கண்கள் வேண்டும். அதற்காகவே இந்திய வானியற்பியல் நிறுவனமும் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து 2018 இல் ஹான்லேயில் 0.7 மீற்றர் தானியங்கித் தொலைகாட்டியை இயக்கத் தொடங்கின. அதிலும் அனுபமா பங்கெடுத்தார். 2023 மே 19 அன்று ஜப்பானிய அவதானி கோய்ச்சி இட்டகாக்கி, சுமார் 21 மில்லியன் ஒளியாண்டு தொலைவில் ஒரு வெடிப்பைக் கண்டார். சொந்தத் தொலைகாட்டிகளோடு பல ஆண்டுகளாக வானைத் துழாவிவரும் ஆர்வலர் அவர். அறிவிப்பு வந்ததும் ஹான்லேயும், விண்ணிலிருந்த அஸ்ட்ரோசாட் செய்மதியும் அதன் பக்கம் திரும்பின. வெடிப்பதற்குச் சற்று முன் அந்த விண்மீன் உதிர்த்திருந்த அடர்ந்த வாயுவை வெடிப்பு அலை மோதிச் செல்வதை முதல் நாட்களின் நிறமாலை காட்டியது. நாள் தவறியிருந்தால் அந்தத் தடயம் அழிந்திருக்கும்.

அடுத்த பெயர்

இந்தப் பாதையைத் திரும்பப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகும் உண்மை ஒன்று உண்டு. ஒரு தலைமுறை கணித்ததை அடுத்த தலைமுறை அளக்கிறது. அதற்கடுத்தது அந்த அளவை வைத்தே கணிப்பைச் சோதிக்கிறது. சந்திரசேகர் கணித்தார். பாப்பு வான்காணகம் அமைத்தார். அனுபமா நிறமாலை எடுத்தார், தொலைகாட்டி அமைத்தார், மாணவர்களை உருவாக்கினார். இந்த வரிசையில் சேர்வதற்கு ஊர் தடையாக இருக்கத் தேவையில்லை. ஜவ்வாது மலையும் ஒரு காலத்தில் உலக வானியலுக்குத் தெரியாத காட்டுநிலமாகவே இருந்தது.

சிலியில் உள்ள வேரா ரூபின் வான்காணகம் தென்வானை இரவுக்கிரவு படமெடுத்து, மாறியவை எவை என்ற அறிவித்தல்களை உலகில் எவருக்கும் திறந்துவிடும். கண்டுபிடிப்புகள் குவிகின்றன, நிறமாலை எடுத்து வகை சொல்ல ஆட்களும் கருவிகளும்தான் போதவில்லை. இலங்கையில் மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி ஒன்று உண்டு. வடக்கில் அதற்கு நிகரான ஒன்று வர வேண்டும். அதைவிட முன்னதாக, முள்ளியவளையிலும் புதுக்குடியிருப்பிலும் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் ஒரு சிறிய நிறமாலைமானியைத் தங்கள் கையால் பொருத்தி, ஐதரசனின் கோடுகளைத் தங்கள் கண்ணால் காண வேண்டும்.

ஆர்எஸ் ஒபியூக்கி கடைசியாக வெடித்தது 2021 ஓகஸ்டில். முந்திய மூன்று இடைவெளிகள் 18, 21, 15 ஆண்டுகள். அதே போக்கில் போனால், இப்போது தரம் 10 இல் படிக்கும் ஒருவர் முப்பதை நெருங்கும் வயதில் அது மறுபடி பொங்கும். வன்னியின் வானத்தில் அது ஏறக்குறைய உச்சிக்கே வரும் விண்மீன். அந்த முதல் இரவில் நிறமாலை எடுக்க இங்கே ஒரு கருவியும், எடுத்ததைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும். அவரை உருவாக்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்கினால் போதிய காலம் இருக்கிறது.